மாறிகளின் தொடர்பும் தமிழ்த் தொடரமைப்பும்

1.0 முன்னுரை

அறிவியல் கூற்றுகளில் பெரும்பாலானவை ஓர் அளவு மாறும்போது மற்றோர் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூறுவனவாகும். அழுத்தமும் பருமனும், காலமும் வேகமும், நீளமும் அலைவுநேரமும் இவ்வாறு இணை இணையாகவே ஆராயப்படுகின்றன. கணிதம் இவ்வளவுகளை மாறிகள் என்றும், அவற்றிடையே உள்ள பிணைப்பைச் சார்பு என்றும் பெயரிட்டு வழங்குகிறது. சமன்பாடாக எழுதப்படும்போது இப்பிணைப்பில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் மாணவர் சமன்பாட்டைப் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் வழியாகவே சென்றடைகின்றனர். சமன்பாட்டைக் கற்ற பின்னரும் அதனை மீண்டும் ஒரு வாக்கியமாக மாற்றியே மனத்தில் நிறுத்துகின்றனர். அவ்வாக்கியம் சமன்பாடு கூறுவதைவிடக் குறைவாகக் கூறினால், கற்றதிலும் குறை ஏற்படுகிறது.

மாறிகளின் தொடர்பைக் கூறத் தமிழில் வழங்கும் சொற்களையும் தொடரமைப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு தொடர்பை முழுமையாகக் கூற நான்கு செய்திகள் தேவை. மாறுவது எது, அதனையொட்டி மாறுவது எது, எந்த அளவில் மாறுகிறது, அப்போது மாறாது நிற்பவை எவை என்பன அவை. இந்நான்கினையும் கூறும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. எனினும் பெருவழக்காக உள்ள தொடரமைப்பு முதலிரண்டை மட்டுமே கூறி, பின்னிரண்டை விட்டுவிடுகிறது. அறிவியல் தமிழில் ஏற்படும் மயக்கங்கள் பல இவ்விடுபாட்டிலிருந்து தோன்றுபவை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2.0 மாறி: சொல்லும் பொருளும்

2.1 சொல்லமைப்பு

‘மாறு’ என்னும் தன்வினை அடியுடன் ‘இ’ என்னும் விகுதி சேர்ந்து ‘மாறி’ என்னும் பெயர் உருவாகியுள்ளது. கடத்தி, தாங்கி, வடிகட்டி ஆகிய கலைச்சொற்களும் இவ்வமைப்பினவே. ‘மாறிலி’ என்பது ‘இலி’ என்னும் எதிர்மறை ஈறு கொண்டு, முடிவிலி என்பதைப் போல அமைந்தது. சொற்சுருக்கமும் எதிர்ச்சொல் ஆக்கும் எளிமையும் இவ்விணையின் சிறப்புகளாகும்.

இச்சொல்லமைப்பில் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, ‘மாறி’ என்னும் பெயரும் ‘மாறி’ என்னும் வினையெச்சமும் ஒரே வடிவின. ‘வெப்பநிலை மாறி’ என்பது வெப்பநிலையாகிய மாறி என்றும், வெப்பநிலை மாறியபின் என்றும் இருவகையாகப் பொருள்படும். தொடரின் பிற்பகுதியே பொருளை உறுதி செய்ய வேண்டியுள்ளது.

இரண்டாவது, மாறி என்பது தானே மாறுவதைக் குறிக்கும் தன்வினைப் பெயர். ஆய்வுக்கூடத்தில் சாரா மாறி பெரும்பாலும் தானே மாறுவதில்லை. ஆய்வாளர் அதனை மாற்றுகிறார். சார்ந்த மாறியோ அதனையொட்டி மாறுகிறது. தமிழ் வினைகளில் மாறு, மாற்று என்னும் தன்வினை, பிறவினை வேறுபாடு தெளிவாக இருப்பினும், கலைச்சொல் இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆய்வை விளக்கும் வாக்கியத்தில் ‘அழுத்தத்தை மாற்றும்போது பருமன் மாறுகிறது’ என இரு வினைகளையும் ஆளும்போது இக்குறை நீங்கிவிடுகிறது.

2.2 ஓர் எழுத்து, மூன்று நிலைகள்

கணிதத்தில் எழுத்தால் குறிக்கப்படும் அனைத்தும் மாறி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இது முழுமையான கருத்தன்று. 2அ + 3 = 11 என்னும் சமன்பாட்டில் ‘அ’ மாறுவதில்லை. அதன் மதிப்பு 4 மட்டுமே. அது மாறியன்று; தெரியாத எண். தெரியாத எண்ணைக் குறியீட்டால் குறிக்கும் மரபு இந்தியக் கணிதத்தில் மிகப் பழமையானது. பிரமகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் தெரியாத எண்கள் நிறப்பெயர்களால் சுட்டப்படுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் முதல் தெரியாத எண்ணை ‘யாவத்தாவத்’ என்றும், அடுத்தடுத்தவற்றைக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை எனப் பொருள்படும் சொற்களாலும் குறித்து, அச்சொற்களின் முதலெழுத்துகளைக் குறியீடுகளாக ஆண்டார். ‘யாவத்தாவத்’ என்பதன் பொருள் ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பதாகும்.

ஐரோப்பாவில் பிரெஞ்சுக் கணித அறிஞர் வியேட் 1591இல் தெரியாத எண்களை உயிரெழுத்துகளாலும், தெரிந்த எண்களை மெய்யெழுத்துகளாலும் குறித்தார். டேக்கார்ட் 1637இல் தெரிந்தவற்றுக்கு அகரவரிசையின் முதலெழுத்துகளையும், தெரியாதவற்றுக்கு இறுதியெழுத்துகளையும் பயன்படுத்தினார். எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகள் இன்று பெற்றுள்ள இடம் அவ்வழி வந்ததாகும். தெரிந்த எண்ணையும் எழுத்தால் குறித்ததனால் ஒரு கணக்கின் விடையாக இருந்தது ஒரு வகைக் கணக்குகள் அனைத்திற்கும் உரிய பொது வாய்பாடாயிற்று.

இதனால் எழுத்து மூன்றாவது நிலை ஒன்றையும் பெற்றது. ஒரு வாடகை வண்டிக்கு அடிப்படைக் கட்டணம் 30 ரூபாய் என்றும், அதன் மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 15 ரூபாய் என்றும் கொண்டால், மொத்தக் கட்டணம் = 30 + 15 × தொலைவு ஆகும். தொலைவும் மொத்தக் கட்டணமும் மாறிகள். 30, 15 ஆகிய இரண்டும் ஒரு நகரத்தினுள் மாறிலிகள். வேறொரு நகரத்தில் அவை வேறாக இருக்கலாம். அவற்றையும் எழுத்துகளால் எழுதினால், ஒரு சூழலில் நிலையாகவும் சூழல் மாறும்போது மாறுவனவாகவும் உள்ள துணையலகுகள் கிடைக்கின்றன. தெரியாத எண், மாறி, துணையலகு ஆகிய மூன்றும் எழுத்து வடிவில் ஒன்றுபோலத் தோன்றினாலும் செயலில் வேறுபட்டவை. ஓர் எழுத்து எந்நிலையில் நிற்கிறது என்பதைச் சமன்பாடு தானே அறிவிப்பதில்லை. உடன்வரும் வாக்கியமே அறிவிக்க வேண்டும்.

3.0 தொடர்பு உணர்த்தும் தொடரமைப்புகள்

மாறிகளின் தொடர்பைக் கூறத் தமிழில் பெரும்பாலும் நான்கு தொடரமைப்புகள் பயன்படுகின்றன. வளிமம் ஒன்றன் அழுத்தம், பருமன் ஆகியவற்றைக் கொண்டு அவற்றைக் காணலாம்.

(1) அழுத்தம் கூடக் கூடப் பருமன் குறையும்.
(2) அழுத்தம் கூடினால் பருமன் குறையும்.
(3) அழுத்தம் கூடுவதால் பருமன் குறைகிறது.
(4) அழுத்தம் எத்தனை மடங்காகிறதோ, பருமன் அத்தனையில் ஒரு பங்காகும்.

முதல் தொடரில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் அடுக்கி வந்துள்ளது. மாற்றம் படிப்படியாகத் தொடர்வதையும், ஒவ்வொரு படியிலும் மற்றோர் அளவு உடன் மாறுவதையும் இவ்வடுக்கு உணர்த்துகிறது. நிபந்தனை எச்சம் கொண்ட இரண்டாம் தொடர் ஒரு மாற்றத்தையும் அதன் விளைவையும் மட்டுமே கூறுகிறது, தொடர்ச்சியைக் கூறுவதில்லை. மூன்றாம் தொடரில் தொழிற்பெயரோடு சேர்ந்த ‘ஆல்’ உருபு காரணப்பொருளைத் தருகிறது. நான்காம் தொடரில் ‘எத்தனை – அத்தனை’ என்னும் இணைச்சொற்கள் அளவையும் குறித்துவிடுகின்றன.

அளவொத்த மாற்றத்தைக் கூறும் இந்நான்காம் முறை தமிழுக்குப் புதியதன்று. நீரின் ஆழத்தையும் நீர்ப்பூவின் தாளின் நீளத்தையும் 595ஆம் குறள் ‘அனைய’ என்னும் சொல்லால் இணைக்கிறது. மணற்கேணியைத் தோண்டிய அளவிற்கு நீர் ஊறுவதை 396ஆம் குறள் ‘அனைத்து’ என்னும் சொல்லால் காட்டுகிறது. இரண்டிலும் ஓர் அளவு மற்றோர் அளவைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. பாஸ்கரரின் குறியீட்டுச் சொல்லும் இவ்வகை இணைச்சொல்லே என்பது கருதத்தக்கது.

இவற்றுள் அன்றாட வழக்கிலும் பாடவிளக்கங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது முதல் அமைப்பேயாகும். அது சுருக்கமானது, இயல்பானது, மாற்றத்தின் திசையைத் தெளிவாகக் கூறுவது. ஆயினும் அது கூறாதவை எவை என்பது அடுத்து ஆராயப்படுகிறது.

4.0 அடுக்குத் தொடர் கூறாதவை

4.1 சாரா மாறி எது?

‘கல் விழ விழ வேகம் கூடும்’ என்பது உண்மையான கூற்று. ஆனால் ‘விழ விழ’ என்பதில் அளக்கப்படுவது எது? விழுந்த தொலைவா, விழுவதற்கு ஆன காலமா? இத்தொடர் இரண்டிற்கும் இடம் தருகிறது. இவ்விரண்டில் எது என்ற கேள்வி இயக்கவியலின் வரலாற்றிலேயே ஒரு முக்கியமான கட்டமாகும். கலிலியோ 1604இல் எழுதிய ஒரு கடிதத்தில், விழும் பொருளின் வேகம் அது கடந்த தொலைவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று கருதினார். 1638இல் வெளிவந்த அவருடைய நூலில் வேகம் காலத்திற்கே நேர்விகிதத்தில் உள்ளது என்று நிறுவினார்.

காற்றின் தடையைப் புறக்கணித்தால், ஓய்விலிருந்து விழும் கல் முதல் நொடியின் இறுதியில் 4.9 மீட்டர் விழுந்து நொடிக்கு 9.8 மீட்டர் வேகம் பெறுகிறது. இரண்டாம் நொடியின் இறுதியில் மொத்தம் 19.6 மீட்டர் விழுந்து நொடிக்கு 19.6 மீட்டர் வேகம் பெறுகிறது. காலம் இருமடங்காகியபோது வேகமும் இருமடங்காயிற்று; தொலைவோ நான்கு மடங்காயிற்று. வேகம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்குமானால், தொலைவு சுழியாக இருக்கும் தொடக்கத்தில் வேகமும் சுழியாக இருக்கும். வேகம் சுழியாக இருக்கும்வரை தொலைவும் கூடாது. கல் விழவே தொடங்காது. பிழையான கருத்து, சரியான கருத்து ஆகிய இரண்டையும் ‘விழ விழ வேகம் கூடும்’ என்னும் ஒரே தொடரால் கூறிவிட முடிகிறது. இத்தொடரைக் கற்ற மாணவர் இரண்டில் எதைக் கற்றார் என்பதை ஆசிரியரால் அறிய இயலாது.

4.2 எந்த அளவில்?

‘சதுரத்தின் பக்கம் கூடக் கூடப் பரப்பு கூடும்’, ‘கனசதுரத்தின் பக்கம் கூடக் கூடப் பருமன் கூடும்’, ‘தொலைவு கூடக் கூட வண்டிக் கட்டணம் கூடும்’ ஆகிய மூன்று தொடர்களும் ஒரே அமைப்பின. பக்கம் இருமடங்காகும்போது பரப்பு 4 மடங்காகிறது. பருமன் 8 மடங்காகிறது. மேற்கூறிய வண்டிக் கட்டணமோ 4 கிலோமீட்டருக்கு 90 ரூபாயாகவும், 8 கிலோமீட்டருக்கு 150 ரூபாயாகவும் அமைகிறது. அஃதாவது தொலைவு இருமடங்காகும்போது கட்டணம் இருமடங்குக்கும் குறைவாகவே கூடுகிறது. மூன்றும் மூன்று வகையான தொடர்புகள். அடுக்குத்தொடர் அவற்றை வேறுபடுத்துவதில்லை.

இதனால் விளையும் பொதுவான பிழை, உடன் கூடும் அனைத்தையும் நேர்விகிதம் என்று கொள்வதாகும். நேர்விகிதம் என்பதற்கு இரண்டும் சேர்ந்து கூடினால் மட்டும் போதாது. இரண்டிற்கும் இடையிலுள்ள விகிதம் மாறாதிருக்க வேண்டும். வண்டிக் கட்டணத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமமான தொகை கூடுகிறது. ஆனால் கட்டணத்திற்கும் தொலைவுக்கும் உள்ள விகிதம் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தொடர்பு நேர்கோட்டுத் தொடர்பே, நேர்விகிதமன்று.

இவ்வேறுபாடு வளிம விதிகளில் இன்றியமையாததாகிறது. அழுத்தம் மாறாதபோது வளிமத்தின் பருமன் வெப்பநிலையோடு கூடுகிறது. ஆனால் 27 டிகிரி செல்சியஸில் உள்ள வளிமத்தை 54 டிகிரிக்குச் சூடாக்கினால் பருமன் இருமடங்காவதில்லை. 27 டிகிரி செல்சியஸ் என்பது ஏறத்தாழ 300 கெல்வின். பருமன் இருமடங்காக வெப்பநிலை 600 கெல்வினை, அஃதாவது ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸை அடைய வேண்டும். செல்சியஸ் அளவில் இத்தொடர்பு நேர்கோடு. கெல்வின் அளவில் மட்டுமே அது நேர்விகிதம்.

4.3 எந்த எல்லைக்குள்?

அடுக்குத்தொடர் எல்லை எதனையும் குறிப்பதில்லை. ‘வெப்பநிலை உயர உயர நீர் விரியும்’ என்பது பொதுவான அனுபவத்திற்கு ஒத்தது. எனினும் 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வரை நீர் சுருங்குகிறது. அதன் பின்னரே விரிகிறது. குளிர்நாடுகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்த நிலையிலும் அடிநீர் உறையாதிருப்பதற்கு இதுவே அடிப்படை. ஒரே இணை மாறிகளின் தொடர்பு ஓர் எல்லைக்குள் ஒரு திசையிலும் அதற்கு அப்பால் வேறு திசையிலும் இருக்கக்கூடும். ஆகவே ‘இவ்வளவு முதல் இவ்வளவு வரை’ என்னும் எல்லைக் குறிப்பும் கூற்றின் பகுதியாதல் வேண்டும்.

5.0 மாறாது நிற்பவை

விடுபடும் செய்திகளுள் மிகவும் இன்றியமையாதது, எவற்றை மாறாது வைத்தபோது இத்தொடர்பு பொருந்தும் என்பதேயாகும். பாயில் 1662இல் வெளியிட்ட அழுத்தம், பருமன் பற்றிய விதி, வளிமத்தின் நிறையும் வெப்பநிலையும் மாறாதபோதே பொருந்துவது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் காணலாம். வேகமாக அழுத்தப்படும் காற்றின் வெப்பநிலை மாறாதிருப்பதில்லை. வெப்பம் வெளியேற வழியின்றிக் காற்றின் பருமன் பாதியாக்கப்பட்டால் அழுத்தம் 2 மடங்காவதற்கு மாறாக ஏறத்தாழ 2.6 மடங்காகிறது. ‘வெப்பநிலை மாறாதபோது’ என்னும் எச்சத்தொடரை நீக்கிவிட்டால் எஞ்சும் வாக்கியம் விதியாகாது.

மின்னியலில் இது வெளிப்படையான முரண்பாடாகவே தோன்றும். ஒரு மின்தடையில் செலவாகும் மின்திறனை இரண்டு வாய்பாடுகளால் கணக்கிடலாம்.

(5) மின்திறன் = மின்னோட்டத்தின் இருமடி × மின்தடை
(6) மின்திறன் = மின்னழுத்தத்தின் இருமடி ÷ மின்தடை

முதல் வாய்பாட்டைப் படிப்பவர் ‘மின்தடை கூடக் கூட மின்திறன் கூடும்’ என்பார். இரண்டாவதைப் படிப்பவர் ‘மின்தடை கூடக் கூட மின்திறன் குறையும்’ என்பார். இரண்டு வாய்பாடுகளும் சரியானவை. அவற்றினின்றும் பெறப்பட்ட இரண்டு வாக்கியங்களுமே குறையுடையவை. முதலாவது ‘மின்னோட்டம் மாறாதபோது’ என்றும், இரண்டாவது ‘மின்னழுத்தம் மாறாதபோது’ என்றும் தொடங்கியிருக்க வேண்டும்.

230 வோல்ட்டில் எரியும் 100 வாட் இழைவிளக்கின் மின்தடை ஏறத்தாழ 529 ஓம். 40 வாட் விளக்கினது ஏறத்தாழ 1,322 ஓம். வீட்டு இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைப்பதால், தடை குறைந்த 100 வாட் விளக்கே மிகுதியாக ஒளிர்கிறது. இவ்விரு விளக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இணைத்தால் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் செல்கிறது. அப்போது தடை மிகுந்த 40 வாட் விளக்கே மிகுதியாக ஒளிர்கிறது. மாறாது நிற்பது எது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. மனப்பாடம் செய்த வாக்கியத்தில் நிபந்தனை இல்லையெனில் மாணவர் இவ்விடையைத் தாமே கண்டடைய வழியில்லை.

6.0 சமன்பாடும் காரணமும்

அடர்த்தி = நிறை ÷ பருமன் என்பது பள்ளிக் கல்வியில் இடம்பெறும் வாய்பாடு. இதனைக் கொண்டு ‘அடர்த்தி நிறைக்கு நேர்விகிதத்திலும் பருமனுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்’ என்று எழுதுவதுண்டு. ஒரு குவளை நீருக்கும் ஒரு குடம் நீருக்கும் வெப்பநிலை ஒன்றானால் அடர்த்தியும் ஒன்றே. அது கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம். நிறையைக் கூட்டும்போது பருமனும் உடன் கூடுவதால் விகிதம் மாறுவதில்லை. இங்கு அடர்த்தி பொருளின் இயல்பைக் காட்டும் மாறிலி. வாய்பாட்டில் இடப்புறம் நிற்பதனால் மட்டும் ஓர் அளவு சார்ந்த மாறி ஆகிவிடுவதில்லை.

தனி ஊசலின் நீளத்திற்கும் அலைவுநேரத்திற்கும் உள்ள தொடர்பு மற்றொரு சான்றாகும். சிறிய வீச்சில் ஆடும் ஊசலின் நீளம் 4 மடங்கானால் அலைவுநேரம் 2 மடங்காகிறது. ஆய்வு செய்யும் மாணவருக்கு நீளம் சாரா மாறி. 2 நொடி அலைவுநேரம் வேண்டுமென்று தொடங்கும் கடிகாரப் பணியாளருக்கோ அலைவுநேரம் தரப்பட்டது. ஏறத்தாழ 1 மீட்டர் என்னும் நீளம் கண்டறியப்படுவது. கணிதத்தைப் பொறுத்தவரை எதனைச் சாரா மாறியாகக் கொள்வது என்பது கேட்கப்படும் வினாவைப் பொறுத்தது. இயற்கையிலோ நீளத்தை மாற்றியே அலைவுநேரத்தை மாற்ற முடியும். ‘நீளம் கூடுவதால் அலைவுநேரம் கூடுகிறது’ என்பது பொருந்தும். ‘அலைவுநேரம் கூடுவதால் நீளம் கூடுகிறது’ என்பது பொருந்தாது. ஆனால் சமன்பாட்டை எப்பக்கமிருந்தும் படிக்கலாம். சமன்பாட்டில் ‘ஆல்’ உருபு இல்லை. காரணத்தைக் கூறுவது வாக்கியத்தின் பொறுப்பாகும்.

எப்பக்கமிருந்தும் படிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரு நாளில் ஒவ்வொரு கணத்திற்கும் ஒரு வெப்பநிலை மட்டுமே உண்டு; ஆகவே வெப்பநிலை காலத்தின் சார்பு. காலை 10 மணிக்கு இருந்த வெப்பநிலை இரவிலும் ஒருமுறை அமையக்கூடும்; ஆகவே காலம் வெப்பநிலையின் சார்பன்று. ஆய்லர் 1748இல் சார்பு என்பதை மாறியையும் மாறிலிகளையும் கொண்டு அமைந்த ஒரு கோவையாகவே வரையறுத்தார். 1837இல் டிரிக்லே, ஒன்றன் ஒவ்வொரு மதிப்புக்கும் மற்றதன் ஒரே ஒரு மதிப்பு உண்டு என்பதே சார்பின் அடிப்படை எனக் கொண்டார். இக்கருத்தின்படி வாய்பாடாக எழுத இயலாத தொடர்பும் சார்பாகலாம்.

மேலும், இரண்டு அளவுகள் உடன் மாறுவதனால் மட்டும் ஒன்று மற்றொன்றன் காரணமாகிவிடாது. தொடக்கப்பள்ளிச் சிறுவர்களிடையே பாதத்தின் நீளம் கூடக் கூடப் படிக்கும் திறனும் கூடுவதைக் காணலாம். பாதம் வளர்வதால் படிப்பு வருவதில்லை. வயது என்னும் மூன்றாவது மாறி இரண்டையும் கூட்டுகிறது. ஒரே வயதுச் சிறுவரை மட்டும் ஒப்பிட்டால், அஃதாவது வயதை மாறாது வைத்தால், இத்தொடர்பு மறைந்துவிடும். இங்கு அடுக்குத்தொடர் பிழையற்றது. அது காரணம் எதனையும் கூறவில்லை. அதனை ‘ஆல்’ உருபு கொண்ட தொடராக மாற்றும்போதே பிழை நேர்கிறது. (1), (3) ஆகிய தொடர்கள் ஒன்றற்கொன்று ஈடானவை அல்ல என்பது இதனால் தெளிவாகிறது.

7.0 கலைச்சொல் மயக்கம்

தொடரமைப்போடு கலைச்சொற்களும் மயக்கம் தருவதுண்டு. நேர்விகிதம், நேர்த்தகவு, நேர்மாறல் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் வழங்குகின்றன. அவற்றுக்கு எதிராக எதிர்விகிதம், எதிர்த்தகவு, எதிர்மாறல் என்பன வழங்குகின்றன. இவற்றுள் ‘நேர்மாறல்’ என்பது நேரான முறையில் மாறுதல் என்னும் பொருளில் ஆக்கப்பட்டது. ஆனால் ‘நேர்மாறு’ என்பது பொதுவழக்கில் முற்றிலும் எதிரானதைக் குறிக்கும். கணிதத்திலும் நேர்மாறு சார்பு, நேர்மாறு அணி ஆகிய தொடர்களில் அது தலைகீழ்ச் செயலையே குறிக்கிறது. ஆகவே ‘நேர்மாறல்’ என்னும் சொல்லை முதன்முறை காணும் மாணவர், ஒன்று கூட மற்றது குறைவதாகப் பொருள்கொள்ள வாய்ப்பு மிகுதி. ஓரெழுத்து வேறுபாடு இங்கு எதிர்ப்பொருளைத் தந்துவிடுகிறது. ‘நேர்விகிதம் – எதிர்விகிதம்’, ‘நேர்த்தகவு – எதிர்த்தகவு’ ஆகிய இணைகளில் இவ்விடர்ப்பாடு இல்லை. ஒரு நூலில் ஏதேனும் ஓரிணையை மட்டும் தேர்ந்து இறுதிவரை ஆளுதல் பயன்தரும்.

8.0 முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்றும் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மாறிகளின் தொடர்பைக் கூறுவதில் அடுக்குத்தொடர் மாற்றத்தின் திசையை மட்டுமே உணர்த்துகிறது. தொடர்பை அறிமுகம் செய்வதற்கு அது ஏற்றது. விதியைக் கூறுவதற்குப் போதாது. ‘எத்தனை – அத்தனை’ போன்ற இணைச்சொற்கள் அளவை உணர்த்துவன. ‘மாறாதபோது’ என்னும் எச்சத்தொடர் நிபந்தனையை உணர்த்துவது. ‘ஆல்’ உருபு காரணம் உறுதியாக அறியப்பட்ட இடத்தில் மட்டுமே ஆளத்தக்கது.

இவற்றை இணைத்தால் விதியைக் கூறுவதற்குரிய வாக்கியச் சட்டகம் ஒன்று கிடைக்கிறது. மாறாது நிற்பவை முதலிலும், மாற்றப்படுவது அடுத்தும், அதனையொட்டி மாறுவது இறுதியிலும் நிற்க, அளவு இரண்டிலும் குறிக்கப்படும். அதன்படி (1)ஆம் தொடர் பின்வருமாறு அமையும்.

(7) குறிப்பிட்ட நிறையுள்ள வளிமத்தின் வெப்பநிலை மாறாதபோது, அதன் அழுத்தம் இருமடங்காக்கப்பட்டால் பருமன் பாதியாகும். மும்மடங்காக்கப்பட்டால் மூன்றில் ஒரு பங்காகும்.

இத்தொடர் (1)ஐவிட நீண்டது. ஆனால் இதனைக் கற்ற மாணவர் சமன்பாட்டைத் தாமே எழுதிவிட முடியும். (1)ஐ மட்டும் கற்றவரால் அது இயலாது. எச்சங்கள் முன்னும் முற்று வினை பின்னும் நிற்கும் தமிழின் இயல்பான சொற்கிடக்கை முறையே நிபந்தனையை முதலிலும் விளைவை இறுதியிலும் வைப்பதற்கு இடம்தருகிறது. ஆகவே இச்சட்டகத்திற்காகத் தமிழ்த் தொடரமைப்பை எவ்வகையிலும் வளைக்க வேண்டிய தேவை இல்லை.

தமிழ்வழியில் அறிவியல் கற்போருக்குக் கலைச்சொற்கள் பெருமளவில் ஆக்கித் தரப்பட்டுள்ளன. அச்சொற்களை இணைக்கும் எச்சங்கள், உருபுகள், இணைச்சொற்கள் ஆகியவற்றின் ஆட்சிக்கும் அதே அளவு கவனம் அளிக்கப்படுதல் வேண்டும். பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் ஒவ்வொரு விதியையும் மேற்கூறிய நான்கு செய்திகளைக் கொண்டு சரிபார்ப்பின், மாணவர் வாய்பாட்டை நினைவில் வைப்பதோடு நில்லாமல் அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் அறிந்துகொள்வர்.